பட்டாளத்தாரைக் கேளுங்க: சதுப்புக்குள்ள டேங்க் ஓடுன கதை

போன மாசம் வேற ஏதோ கேள்விக்குப் பதில் எழுதுறப்போ, 1944-ல ரஷ்யாக்காரன் பெலாருஸ்ல அடிச்ச அடி மாதிரி ஒண்ணு டேங்க் சரித்திரத்துலயே கொறவுன்னு சும்மா ஒரு வரி போட்டேன், அவ்வளவுதான், ஆபீஸ்ல இருந்து ஒரு கட்டு லெட்டரும் வாட்ஸ்அப் பிரிண்டுமா கொண்டு வந்து குடுத்துட்டாங்க. அதனால இந்த மாசம் பூரா அந்த ஒரே சங்கதிதான். பென்ஷன் எப்போ ஏறும்னு கேட்டவங்க கோவிச்சுக்கிடாதீங்க, அது அடுத்த மாசம்.

தக்கலையில இருந்து ஒரு காலேஜ் தம்பி: அண்ணாச்சி, நீங்க சொன்ன அந்தத் தாக்குதலுக்குப் பேரு என்ன, எப்போ நடந்துச்சு, எவ்வளவு பெருசு?

ஆப்பரேஷன் பக்ராத்தியோன். நெப்போலியன் 1812-ல ரஷ்யாவுக்குள்ள வந்தான்ல, அப்போ பரதினோ சண்டையில காயம்பட்டு அந்தக் காயத்துலயே செத்துப்போன ஜெனரல் பேரு பக்ராத்தியோன், அவரு ஜார்ஜியாக்காரரு, ஸ்டாலினும் ஜார்ஜியாக்காரன், மிச்சத்தை நீயே புரிஞ்சுக்கோ மக்கா.

1944 ஜூன் 22-ம் தேதி அங்கங்கே தட்டிப் பாத்தாங்க, 23-ம் தேதி முழுசா எறங்கினாங்க. ஜூன் 22 என்ன நாளுன்னா, மூணு வருசம் முன்னாடி, 1941-ல ஹிட்லர் ரஷ்யாவுக்குள்ள பூந்த அதே நாளு. நாலு ‘ஃபிரன்ட்’, அதாவது பல ஆர்மி சேந்த பெரிய படை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கமாண்டரு. வடக்க பக்ராமியான், அடுத்து செர்ன்யாகோவ்ஸ்கி, நடுவுல சகாரோவ், தெக்க ரொக்கசோவ்ஸ்கி. இவங்க நாலு பேரையும் ஒருங்கிணைக்க மேல ஷுக்கோவும் வசிலேவ்ஸ்கியும். ஆளுக் கணக்கு பதினாறு லட்சத்துக்கு மேல, பீரங்கியும் மார்ட்டரும் ஆயிரக்கணக்குல, டேங்கும் தானியங்கி பீரங்கியும் (செயின் வண்டி மேலேயே வச்ச பீரங்கி) சேத்து 4,000-ல இருந்து 5,800 வரைக்கும் ஒவ்வொருத்தன் ஒவ்வொரு கணக்கு சொல்லுவான். எதுத்தாப்புல ஜெர்மன்காரனோட ‘ஆர்மி குரூப் சென்டர்’. இந்தக் கூட்டம்தான் 1941-ல மாஸ்கோ வாசல் வரைக்கும் போய்ட்டு வந்த கூட்டம்.

ஆகஸ்ட் கடைசியில ரஷ்யாக்காரன் நின்ன எடம் பாத்தா கிட்டத்தட்ட 550, 600 கிலோமீட்டர் மேற்க. கன்னியாகுமரியில கால் வச்சு விழுப்புரம் தாண்டிப் போன கணக்கு, அதுவும் வழி பூரா சண்டை போட்டுக்கிட்டு, ரெண்டே மாசத்துல.

குளச்சல்ல இருந்து ஒரு வாசகர்: இவ்வளவு ஆளையும் டேங்கையும் கொண்டு வந்து நிறுத்துறப்போ ஜெர்மன்காரன் கண்ணுல படாமலா இருந்துச்சு?

அண்ணே, குளச்சல்ல இருந்துக்கிட்டு நீங்க இதைக் கேக்கலாமா? 1741-ல டச்சுக்காரன் வந்தப்போ நம்மாளுங்க பனந்தடியை வண்டியில வச்சு பீரங்கி மாதிரிக் காட்டுனாங்கன்னும், கடப்புறத்துல வலைக்காரங்க துடுப்பைத் தோள்ல சாத்திக்கிட்டு வரிசையா நின்னாங்க, கப்பல்ல இருந்து பாத்தவனுக்கு அது துப்பாக்கியாத் தெரிஞ்சுதுன்னும் ஊர்ல கதை சொல்லுவாங்கல்ல. அது எவ்வளவு நெசம்னு சரித்திரக்காரங்க சண்டை போட்டுக்கட்டும், ஐடியா என்னவோ அதேதான். ரஷ்யாக்காரன் அதைப் பெரிய சைஸ்ல பண்ணுனான், அவன் அதுக்கு வச்ச பேரு மஸ்கிரோவ்கா.

ராத்திரிதான் நகர்வு, விடியுறதுக்குள்ள எல்லாத்தையும் காட்டுக்குள்ள சொருகி மேல தழை போட்டுறணும், வயர்லெஸ்ல ஒரு வார்த்தை கெடையாது. அதுக்கு நேர்மாறா தெக்க உக்ரைன் பக்கம் மரத்துல செஞ்ச பொய் டேங்க், பொய் பீரங்கி, வேணும்னே தெரியுற மாதிரி போக்குவரத்து. இதுல ரொம்ப ருசியான சங்கதி என்னன்னா பொய் மட்டும் சொல்லல, பாதி உண்மையையும் கலந்தாங்க. ரஷ்யாக்காரனோட டேங்க் ஆர்மிகள்ல முக்கால்வாசி நெசமாவே தெக்கதான் கெடந்துச்சு, கோடையில பெரிய அடி அங்கதான் விழும்னு ஜெர்மன்காரன் நினைச்சதுல தப்பே சொல்ல முடியாது, நானா இருந்தாலும் அதைத்தான் நினைச்சிருப்பேன். அவன் நம்பிக்கிட்டு நடுவுல கெடந்த ஒரு பான்சர் கோரையே (பல டிவிஷன் சேந்த ஜெர்மன் டேங்க் படை) கழட்டி தெக்க அனுப்பிட்டான். அதுக்கப்புறம் நடுவுல கெடந்தது காலாட்படையும், தானியங்கி பீரங்கி கொஞ்சமும், நூத்துச் சொச்சம் டேங்கும்தான். ரோத்மிஸ்த்ரோவ்ங்கிற ஜெனரலோட அஞ்சாவது கார்ட்ஸ் டேங்க் ஆர்மியை சத்தமில்லாம ரஷ்யாக்காரன் வடக்க கொண்டு வந்து வச்சது இவனுக்குத் தெரியவே இல்ல.

தெக்க அந்த டேங்க் ஆர்மிகளும் சும்மா கெடக்கல கேட்டியளா, ஜூலை 13-ம் தேதி கோனெவ்ங்கிற ரஷ்ய கமாண்டர் உக்ரைன்ல லிவோவ் பக்கம் அவுத்து விட்டான். ஆக ஜெர்மன்காரன் நினைச்சதும் நடந்துச்சு, மூணு வாரம் லேட்டா.

பூதப்பாண்டிக்குப் பக்கத்துல இருந்து ஒரு விவசாயி: தம்பி, நம்ம வயல்ல கேஜ் வீல் மாட்டாம டிராக்டர் எறக்குனா அச்சு வரைக்கும் தாந்து போவுது. அந்த நாடு பூரா சதுப்புன்னு போன மாசம் எழுதியிருந்தீங்க. அதுல முப்பது டன் வண்டி எப்படிப் போச்சு?

மாமா, இந்த மாசம் வந்ததுல நல்ல கேள்வி உங்களோடதுதான். டேங்க் சண்டைன்னா எல்லாரும் பீரங்கிக் கொழாய் எத்தன மில்லிமீட்டர், தகடு எவ்வளவு கனம்னு கேப்பாங்க, வயல்ல எறங்குனவன்தான் தரை எப்படின்னு கேப்பான்.

மொதல்ல வண்டி. ரஷ்யாக்காரனோட டீ-34-85 டேங்க் எடை 32 டன். ஆனா செயின் ஒவ்வொண்ணும் அரை மீட்டர் அகலம், எடையைப் பரத்திப் போட்டுரும், உங்க கேஜ் வீல் செய்யுற வேலை அதுதான். ஆனாலும் அங்க உள்ள பிரிபெத் சதுப்புங்கிறது சும்மா வயல் சகதி இல்ல, கம்பை விட்டா உள்ள போய்க்கிட்டே இருக்கும். அங்க அகலச் செயினும் பத்தாது.

இங்கதான் ரொக்கசோவ்ஸ்கி வாறார். 1937-ல ஸ்டாலின் ஆளுங்க புடிச்சு ஜெயில்ல போட்டு அடிச்சு பல்லு வரைக்கும் உடைச்சுவிட்ட மனுசன், 1940-ல வெளிய வந்து திரும்பவும் பட்டாளத்துல சேந்தவர். இவரு பொப்ரூய்ஸ்க் ஊரை ரெண்டு பக்கத்துல இருந்தும் அடிக்கணும்னு சொன்னார், அதுல தெக்குப் பக்கத்து அடி முழுக்க சதுப்பு வழியா. முழுப் பலத்தையும் ஒரே எடத்துல போடு, அதான் முறைன்னு 1944 மே மாசம் மாஸ்கோ மீட்டிங்ல ஸ்டாலின் சொல்லியாச்சு. இவரு மாட்டேன்ட்டார். வெளிய போய் யோசிச்சுட்டு வான்னு அனுப்புனாங்க, போய்ட்டு வந்து அதையே சொன்னார், மறுபடியும் அனுப்புனாங்க, மறுபடியும் வந்து அதையே சொன்னார். இதை அவரே பின்னாடி எழுதி வச்சிருக்கார். ஒருக்க ஜெயிலுக்குப் போய் பல்லு போன ஆளு அதே ஸ்டாலின் மூஞ்சியைப் பாத்து மூணு தடவை மாட்டேன்னு சொல்லணும்னா நெஞ்சுல எவ்வளவு உறுதி இருக்கணும், நான் ஒரு சுபேதார் சாப் கிட்ட லீவு கேக்கவே ரெண்டு நாள் ஒத்திகை பாத்தவன்.

சதுப்பைத் தாண்டுனது எப்படின்னா, மரந்தான். நம்ம கடப்புறத்துல வள்ளத்தைக் கரையேத்துறதுக்கு அடியில தடியைப் போட்டு உருட்டுவாங்கல்ல, வாய்க்கால் தாண்ட தென்னந்தடி போடுவோம்ல, அதே மாதிரி அறுபத்தஞ்சாவது ஆர்மிக்காரங்க, கமாண்டர் பேரு பாத்தோவ், காட்டு மரத்தை வெட்டி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடுக்கி சதுப்பு மேல ரோடு போட்டாங்க, டேங்க் போற கனத்துக்கு, அதுவும் ஜெர்மன்காரன் காதுக்கு எட்டாத மாதிரி. டேங்க் மேல கம்புக்கட்டு கட்டி வச்சிருப்பாங்க, பள்ளம் வந்தா உள்ள தள்ளிட்டு அது மேலேயே ஏறிப் போவணும். காலாட்படைக்காரன் சுள்ளியைப் பின்னி பாய் மாதிரி அகலச் செருப்பு செஞ்சு கால்ல கட்டிக்கிட்டு நடந்தான், மெஷின் கன்னை சறுக்குப் பலகையில வச்சு இழுத்துட்டுப் போனான். வாரக்கணக்கா பின்னால இதே மாதிரி சதுப்புல பழகிட்டுத்தான் முன்னால வந்தான்.

ஜூன் 24 காலையில பீரங்கி ரெண்டு மணிநேரம் அடிச்சு ஓஞ்சதும் அந்தப் பக்கத்துல இருந்து டேங்க் வருது. ஜெர்மன்காரன் மேப்புல அந்த எடத்துல போக முடியாதுன்னுதான் போட்டிருந்தான்.

அதே ஊர்ல இருந்து இன்னொருத்தர்: குதிரைப்படையும் போச்சுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க, பொய்தானே?

நெசம். குதிரையையும் மெக்கனைஸ்டு கோரையும் (டேங்கும் லாரியுமா போற படை) சேத்து ஒரே குரூப்பா விட்டாங்க, பிளியேவ் குரூப், ஓஸ்லிகோவ்ஸ்கி குரூப்னு. வாளோட பாஞ்சு போய் வெட்டுறதுக்கில்ல. காடும் சதுப்பும் உள்ள எடத்துல லாரி நின்னுரும், குதிரை நிக்காது, அதுக்குத்தான்.

கருங்கல்ல இருந்து ஒரு ஸ்கூல் பிள்ளை: பாட்டா, ஒரு நாட்டுக்கு ஒரு ஆர்மிதானே இருக்கும்? டேங்க் ஆர்மி, அறுபத்தஞ்சாவது ஆர்மின்னா என்ன?

நல்லாக் கேட்டே மக்களே. ‘ஆர்மி’ன்னா இங்க ஒரு அளவு, நாழி, மரக்கால், கோட்டைன்னு நெல்லு அளப்போம்ல அதே மாதிரி. கம்பெனி, பட்டாலியன், டிவிஷன், கோர், அதுக்கு மேல ஆர்மி, பல ஆர்மி சேந்தா ரஷ்யாக்காரனுக்கு அது ஃபிரன்ட். காலாட்படை ஆர்மின்னா பல டிவிஷன், கூடவே எக்கச்சக்க பீரங்கி. டேங்க் ஆர்மின்னா பொதுவா ரெண்டு டேங்க் கோரு, ஒரு மெக்கனைஸ்டு கோரு, 500, 600 டேங்க்.

ரெண்டுக்கும் வேலை வேற. காலாட்படையும் பீரங்கியும் சேந்து எதிரி வரிசையில ஓட்டை போடும், ஓட்டை விழுந்ததும் டேங்க் ஆர்மி அதுக்குள்ள நூந்து நிக்காம போய்க்கிட்டே இருக்கும், பக்கத்துல சுடுறவனைத் திரும்பிக்கூட பாக்காது, நூறு கிலோமீட்டர் தள்ளி ஆத்துப் பாலம் எங்க இருக்கு, ரயில் ஜங்ஷன் எங்க இருக்குன்னு பாத்து அதைப் புடிக்கும். முன்னால நிக்குறவனுக்குப் பின்னால போய்ட்டா அவனுக்கு ரொட்டியும் வராது குண்டும் வராது. இதை 1920-கள் கடைசியிலயும் 1930-களிலயுமே துக்காசெவ்ஸ்கி, திரியந்தஃபில்லோவ்னு ரஷ்யாக்காரங்க யோசிச்சு எழுதிட்டாங்க. துக்காசெவ்ஸ்கியை 1937-ல ஸ்டாலினே சுட்டுக் கொல்ல வச்சுட்டான், ஆனா ஐடியா அப்படியே கெடந்துச்சு.

இன்னொண்ணு. டேங்க் ஓடுனா போதாது, பின்னாலயே டீசலும் குண்டும் ஓடணும். அதுக்கு அமெரிக்காக்காரன் குடுத்த ஸ்டூடிபேக்கர் லாரி. மொத்த யுத்தத்துலயும் லாரியும் ஜீப்பும் சேத்து நாலு லட்சத்துக்கு மேல ரஷ்யாவுக்கு வந்துச்சு. சினிமாவுல லாரியைக் காட்ட மாட்டான், ஆனா நான் பட்டாளத்துல பாத்த வரைக்கும் டேங்க் நின்னு போறது எதிரி சுட்டு இல்ல, டீசல் கொண்டு வர்ற பவுசர் லாரி வந்து சேராமத்தான்.

நாகர்கோவில்ல இருந்து ஒரு ஆட்டோ டிரைவர்: ஜெர்மன்காரன் ஜெனரல்லாம் பெரிய மூளைக்காரங்கன்னு சொல்லுறாங்க, பின்ன ஏன் பின்வாங்கி ஓடித் தப்பிக்கல?

ஓட விடல. ஹிட்லர் சில ஊரைக் ‘கோட்டை’ன்னு அறிவிச்சுட்டான், வித்தேப்ஸ்க், ஓர்ஷா, மொகிலேவ், பொப்ரூய்ஸ்க். சுத்தி வளைச்சாலும் உள்ளேயே கெடந்து சாவணும்னு உத்தரவு. ஆர்மி குரூப் கமாண்டர் பூஷ் மேலிடத்துக்குத் தலையாட்டுற ஆளு. ஜூன் 26 வித்தேப்ஸ்க் போச்சு, 27 ஓர்ஷா, 28 மொகிலேவ், 29 பொப்ரூய்ஸ்க், நாளுக்கு ஒண்ணு. 28-ம் தேதி பூஷை வேலையை விட்டுத் தூக்கிட்டு மாடல்னு பேருள்ள இன்னொருத்தனைப் போட்டாங்க, அதுக்குள்ள வீடு எரிஞ்சு ஓடும் விழுந்தாச்சு.

பொப்ரூய்ஸ்க்ல நடந்த கூத்தை உங்க பாஷையில சொல்லுதேன். அங்க உருப்படியா இருந்தது இருபதாவது பான்சர் டிவிஷன் ஒண்ணுதான். வடக்க அடி விழுந்ததும் அதை வடக்க போன்னாங்க. போய்க்கிட்டு இருக்கும்போதே தெக்க சதுப்பு வழியா ரொக்கசோவ்ஸ்கி வாறான், திரும்பித் தெக்க ஓடுன்னாங்க. சவாரி வடசேரி ஸ்டாண்டுலன்னு சொல்லி அங்க போய்ச் சேர்றதுக்குள்ள, இல்லப்பா மீனாட்சிபுரம் அண்ணா ஸ்டாண்டுக்கு வான்னு போன் வந்தா உங்களுக்கு எப்படி இருக்கும். பெட்ரோலும் போச்சு, சவாரியும் போச்சு. அப்படித்தான் ஆச்சு, ரெண்டு எடத்துலயும் உருப்படியா சண்டை போடல. ஒன்பதாவது ஆர்மி கமாண்டர் யோர்டானுக்கு அதோட வேலை போச்சு. அப்புறம் பெரெசினா ஆத்துப் பாலத்துக்கிட்ட வண்டி மேல வண்டியா நெருக்கிக் கெடந்தப்போ 27-ம் தேதி சாயங்காலம் நூத்துக்கணக்குல ரஷ்ய விமானம் வந்து கொட்டிருச்சு.

ஜூலை 3 மின்ஸ்க். அதுக்குக் கெழக்க ஜெர்மன் நாலாவது ஆர்மி கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேரு வளையத்துக்குள்ள மாட்டுனாங்க.

ரஷ்யாக்காரனுக்கும் எல்லாம் வெண்ணெய்ல கத்தி போன மாதிரி போகல. ரோத்மிஸ்த்ரோவ் டேங்க் ஆர்மி மின்ஸ்க், வில்னியஸ் வழியில நிறைய டேங்கை இழந்துச்சு, அவரையும் கொஞ்ச நாள்ல மாத்திட்டாங்க.

மார்த்தாண்டத்துல இருந்து ஒரு அம்மா: டேங்க் கதை எல்லாம் சரி. எத்தனை பிள்ளைங்க செத்துச்சு, அதை எழுதுங்க.

எழுதுதேன் அம்மா. ஜெர்மன் பக்கம் செத்தது, காணாம போனது, காயம், புடிபட்டது எல்லாம் சேத்து நாலு லட்சம் பக்கம், 28 டிவிஷன் இல்லாமலே போச்சுன்னு சொல்லுவாங்க. ரஷ்யா பக்கம் ஜெயிச்சும் செத்தவங்க, காணாம போனவங்க மட்டும் ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரத்துக்கு மேல, காயமும் நோயுமா அஞ்சே முக்கால் லட்சத்துக்கு மேல. இது ரெண்டு மாசக் கணக்கு.

அந்த நாட்டு ஜனம் பட்டது தனிக்கணக்கு. மூணு வருச ஆக்கிரமிப்புல பெலாருஸ்ல நாலுல ஒரு ஆளு செத்தாச்சு. 1943 மார்ச் 22, காத்தின்னு ஒரு கிராமம், ஊர் ஜனத்தை ஒரு களஞ்சியத்துக்குள்ள தள்ளிக் கதவை அடைச்சு தீ வச்சான், 149 பேரு, அதுல 75 பிள்ளைங்க. இப்படி ஜனத்தோட எரிச்ச ஊரு அங்க 600-க்கு மேல. மின்ஸ்க்குக்குப் போன டேங்க்காரன் வழியில பாத்தது இதைத்தான், வீடு இருக்காது, செங்கல் அடுப்பும் புகைப்போக்கியும் மட்டும் வரிசையா நிக்கும். ஜூலை கடைசியில லுப்ளின் பக்கம் போனப்போ மஜ்தானெக் முகாமைப் பாத்தாங்க, கேஸ் அறையும் எரிக்குற அடுப்பும் அப்படியே இருந்துச்சு.

இதுக்கு மேல எனக்கு எழுத வரல.

ஆரல்வாய்மொழி வாசகர்: போன இதழ்ல ஜெர்மன் கைதிகளை மாஸ்கோவுல நடத்திக் கூட்டிட்டுப் போனது ஜூலை 7-ன்னு போட்டிருக்கீங்க. தப்பு.

தப்புதான், ஜூலை 17. ஒண்ணு விட்டுப்போச்சு, அது பிரஸ்காரன் தப்புன்னு சொல்லலாம்னு பாத்தேன், என் கைப்பிரதியிலேயே அப்படித்தான் கெடக்கு. 57,000 பேரு பக்கம், முன்னால ஜெனரல்மாரு, கடைசியில தண்ணி லாரி ரோட்டைக் கழுவிக்கிட்டே வந்துச்சு.

நம்ம திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா கைதியை நடத்துன விதம் வேற. குளச்சல்ல புடிபட்ட டச்சுப் படைக்காரன் டிலனாயைத் தன் பட்டாளத்துக்குப் பயிற்சி குடுக்க வச்சு கடைசியில வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி ஆக்கிட்டாரு. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள கல்லறை இருக்கு, மேல லத்தீன் எழுத்தும் தமிழ் எழுத்தும் வெட்டியிருக்கும், ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க.

குலசேகரத்துல இருந்து ஒருத்தர்: எங்க பாட்டா அந்த வருசம் பர்மா பக்கம் சண்டையில இருந்தார்னு வீட்டுல சொல்லுவாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நேர் சம்பந்தம் கெடையாது, ஆனா தேதியைப் பாருங்க. இம்பாலைச் சுத்தி ஜப்பான்காரன் அடைச்சு வச்சிருந்த ரோடு தொறந்தது 1944 ஜூன் 22. கோஹிமாவுல இருந்து எறங்கி வந்த படையும் இம்பால்ல இருந்து ஏறிப் போன படையும் 109-வது மைல்கல்லுல கையைக் குடுத்துக்கிட்டாங்க. அதே நாளு பெலாருஸ்ல பீரங்கி முழங்க ஆரம்பிச்சாச்சு. உங்க பாட்டா அங்கதான் இருந்தாரான்னு அவரோட டிஸ்சார்ஜ் புக் பழைய பெட்டியில கெடந்தா யூனிட் பேரைப் பாத்து எழுதுங்க, சொல்லுதேன்.

திங்கள்சந்தையில இருந்து ஒரு ஒர்க்‌ஷாப் பையன்: அண்ணாச்சி நீங்க ஈ.எம்.ஈ-ல (பட்டாளத்து வண்டி ரிப்பேர் பிரிவு) டேங்க் மெக்கானிக்னு கேள்விப்பட்டேன். டீ-34-ஐத் தொட்டுப் பாத்திருக்கீங்களா?

தொட்டதில்ல மக்கா. ஆனா அதோட பேரனைத் தொட்டே என் சர்வீஸ் தீந்துச்சு. டீ-34-ல இருக்குறது வி-2 டீசல் இன்ஜின், 12 சிலிண்டர், 38.8 லிட்டர், 500 குதிரைச் சக்தி. நம்ம டீ-72-ல இருக்குறது வி-46, அதே 12 சிலிண்டர், அதே 38.8 லிட்டர், சூப்பர்சார்ஜர் வச்சு 780. ரஷ்யாக்காரன் ஒண்ணு ஓடுதுன்னு தெரிஞ்சா அதை மாத்தவே மாட்டான்.

இன்னொரு கூத்து சொல்லுதேன், உனக்குத்தான் புரியும். செயின் கண்ணியைக் கோக்குற பின் இருக்குல்ல, டீ-34-ல உள்பக்கம் அதுக்கு லாக்கே கெடையாது. ஓட ஓட பின் உள்பக்கமா நழுவி வரும். அதுக்கு என்ன பண்ணுனான்னா வண்டி உடம்புல சாய்வா ஒரு இரும்புத் தகட்டை வெல்டு பண்ணி விட்டான், செயின் சுத்தி வர்றப்போ நீட்டிக்கிட்டு இருக்குற பின் அதுல இடிச்சுத் தானே உள்ள போயிரும், டங்கு டங்குன்னு. நான் மொதல்ல வேலை பாத்த டீ-55-லயும் அதே ஏற்பாடுதான். ட்ரெயினிங் முடிஞ்சு புதுசா வந்தப்போ அந்தச் சத்தத்தைக் கேட்டு வண்டியில ஏதோ கழண்டு போச்சுன்னு பதறிப்போய் நிறுத்தச் சொல்லிட்டேன். உள்ள இருந்த டிரைவர், பஞ்சாப்காரன், தலையை வெளிய நீட்டி என்னைப் பாத்துச் சிரிச்சான் பாரு, அந்தச் சிரிப்பு ஒரு வருசம் யூனிட் பூரா ஓடுச்சு.

தேய்ஞ்ச பின்னைக் கழட்டணும்னா மட்டும் ரெண்டு ஆளு வேணும், ஒருத்தன் உளியைப் புடிக்க ஒருத்தன் சம்மட்டி போட. புடிக்குறவன் மூஞ்சியைப் பாக்கக்கூடாது, உளி தலையை மட்டும் பாத்து அடிக்கணும். என் இடது பெருவிரல் நகம் இன்னைக்கும் கோணலாத்தான் வளருது.

விமானத்தைப் பத்திக் கேட்ட மூணு பேரு மன்னிச்சுக்கிடுங்க, அது எனக்கு வராது. பென்ஷன் கேள்வி எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்.